சுபாகரனைக் கேட்டு வந்த அழைப்பு

தைப்பொங்கல் கழிந்த வாரத்தில் ஒரு முற்பகல், ஏறாவூரிலிருந்து றுமைஸா கொக்கட்டிச்சோலைக்குப் போன் எடுத்தாள். முதலில் அவள் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

"றுமை? என்ன நடந்த?" என்றாள் விதுர்ஷா.

"விது, நான் மௌத்தான ஒராள ரத்தம் குடுக்க வரச்சொல்லிக் கேட்டுட்டன். அவர்ர உம்மாக்கிட்டயே கேட்டுட்டன்."

"ஆர?"

"பனிச்சங்கேணி சுபாகரன். பி நெகட்டிவ். 'தம்பி இரிக்காரா? ஆஸ்பத்திரிக்கு அவசரமா ரத்தம் வேணும்' எண்டு கேட்டன். பொறகு அந்த மனிசி சொன்னா, 'அவன் போய் ரெண்டு மாசமாகுது புள்ள' எண்டு. நான் என்ன சொல்ற எண்டு தெரியாம போனை வச்சிட்டன்."

சுபாகரன் இறந்தது விதுர்ஷாவுக்குத் தெரியும். கார்த்திகை மழை தொடங்கின நேரம், வாவியில் வலை இழுத்துக்கொண்டிருந்தவன் மேல் மின்னல் விழுந்தது. வெள்ளம் ஏறிய நாட்களில் அவனுடைய கூட்டாளி ஒருவன் செய்தி அனுப்பியிருந்தான். அன்றே ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியலிலிருந்து அவன் பெயரை அவள் தன் கையாலேயே அழித்துவிட்டாள். அழித்ததை றுமைஸாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்து, மழையிலும் வெள்ளத்திலும் சொல்லாமலே விட்டுவிட்டாள்.

"அந்தப் பேரு அங்க இரிக்கவே ஏலாது றுமை. நான் அழிச்சன்."

"இரிக்கு. இப்பவும் கண்ணுக்கு முன்னால இரிக்கு."

விதுர்ஷா தன் கணினியைத் திறந்து பார்த்தாள். இருந்தது. பெயர், ஊர், ரத்த வகை, போன் இலக்கம், கடைசியாகக் கொடுத்த மாதம், எல்லாம் ஒரு எழுத்துக் குறையாமல் இருந்தன.

விதுர்ஷா இந்த வேலைக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். முப்பத்தொரு வயது. வயல்காரர் வீட்டுப் பிள்ளை. பட்டணத்தில் ஒரு சிறிய மென்பொருள் கம்பனியில் வேலை பார்த்தவள். கணவன் பிரதீஸ் நெல் வெட்டும் மெசின் ஓட்டுகிறவன். நாலு வருடங்களுக்கு முன் மகள் பிறந்த கையோடு அவளுக்கு ரத்தப்போக்கு நிற்காமல் போனது. ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றிய ரத்தப் பைகள்தான் அவளை இழுத்துக்கொண்டு வந்து கரையில் போட்டன. எழுந்து உட்காரக்கூடிய நிலை வந்ததும் அவள் தாதியிடம் கேட்ட முதல் கேள்வி, "அந்த ரத்தம் ஆர்ர?" என்பதுதான்.

"அது எங்களுக்கே தெரியாது தங்கச்சி. ஆரோ வந்து குடுத்திட்டுப் போனவங்க" என்று தாதி சிரித்தாள்.

நன்றி சொல்ல ஒரு முகம் இல்லாமல் போனது விதுர்ஷாவை நிம்மதியாக இருக்க விடவில்லை. சந்தையிலும் பஸ்ஸிலும் எதிரே வருகிற ஆட்களை, இவராக இருக்குமோ, அவளாக இருக்குமோ என்று பார்த்துக்கொண்டு திரிந்தாள். பிறகுதான் றுமைஸாவைக் கண்டுபிடித்தாள். ஏறாவூரில் தையல் கடை வைத்திருக்கிற றுமைஸா, அரிய வகை ரத்தம் குறைந்துபோகும் நாட்களில் கொடுக்கக்கூடியவர்களைத் தேடிப் பிடித்து, பேசி, ரத்த வங்கிக்கு அனுப்பிவைப்பதைப் பல வருடங்களாகச் செய்துவந்தாள். பெயர்கள் எல்லாம் அவளுடைய ஒரே போனில் இருந்தன. அந்தப் போன் ஒரு நாள் கிணற்றடியில் தண்ணீருக்குள் விழுந்துபோனது.

அப்போதுதான் விதுர்ஷா, "நான் ஒண்டு செய்து தாறன்" என்றாள்.

அவள் தேர்ந்தெடுத்தது உலகத்தில் யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கக்கூடிய ஒரு மென்பொருள். பல நாட்டு ஆட்கள் சேர்ந்து எழுதிப் பராமரிப்பது. வாயில் நுழையாத ஓர் ஆங்கிலப் பெயர் அதற்கு. இவர்கள் அதைக் களஞ்சியம் என்றே சொல்லிக்கொண்டார்கள். அதன் வேலை சின்னது. ஒரு பெயரைச் சொன்னால் அந்தப் பெயருக்குரிய விவரத்தைத் தரும். ஆனால் அந்த விவரங்களை ஒரே கணினியில் வைத்துக்கொள்ளாது. மூன்று கணினிகளில் ஒரே மாதிரி வைத்திருக்கும். ஒன்றில் எழுதினால் மற்ற இரண்டுக்கும் தானே சொல்லிவிடும். மழைக்காலத்தில் ஒரு ஊரில் கரண்ட் இல்லாமல் போனாலும், இணையம் அறுந்தாலும், மற்ற ஊரில் பெயர்கள் பத்திரமாக இருக்கும். ஒன்றைக் கொக்கட்டிச்சோலையில் தன் வீட்டில் வைத்தாள். மற்றொன்று றுமைஸாவின் தையல் கடையில். மூன்றாவது வெல்லாவெளியில், ஓய்வுபெற்ற தபால் அதிபர் கனகசூரியம் வீட்டில். அவர் தானே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டவர். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு அவசரம் வந்தால் அவர் வீட்டுக்குத்தான் ஓடுவார்கள்.

மூன்று வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. இப்போது செத்த ஒருவனின் பெயர் திரும்பி வந்திருக்கிறது.

அன்று மத்தியானத்துக்குள் விதுர்ஷா இன்னும் இரண்டு பெயர்களைக் கண்டுபிடித்தாள். கட்டாருக்குப் போன ஒருவர். வருத்தத்துக்கு மருந்து எடுக்கத் தொடங்கியதால் இனி ரத்தம் கொடுக்கக் கூடாதென்று விலகிக்கொண்ட ஒரு பெண். மூவரும் மழைக்காலத்தில் அழிக்கப்பட்டவர்கள். அதற்கு முன் அழிக்கப்பட்ட யாரும் திரும்பியிருக்கவில்லை. அவள் கனகசூரியத்துக்குப் போன் எடுத்தாள்.

"ஐயா, வெள்ளத்துக்க உங்கட கொம்பியூட்டர் ஓடினதா?"

"எங்க மகள் ஓடுற? தண்ணி முத்தத்துக்கு வந்திட்டு. நான் அதக் கழட்டித் துணியில சுத்தி மேல பரண்ல வச்சிட்டு, களுவாஞ்சிக்குடிக்கு மூத்தவள்ட வீட்ட போயிட்டன். பொங்கலுக்குத்தான் வந்து திரும்பப் பூட்டி ஓடவிட்ட. ஏன், பழுதாப் போயிட்டா?"

விதுர்ஷா நடந்ததைச் சொன்னாள்.

"அப்ப என்ட கையாலதான் அந்தத் தாய்க்கு இப்பிடி நடந்திரிக்கு" என்றார்.

"இல்ல ஐயா. நீங்க ஒண்டும் செய்யல்ல."

சொன்னாளே தவிர, ஏன் என்று அவளுக்கே அப்போது தெரியாது.

மறுநாள் அவளும் றுமைஸாவும் ஏறாவூரில் சந்தித்து வாகரை பஸ் ஏறினார்கள். மன்னிப்புக் கேட்காமல் இருக்க முடியாது என்று இருவருக்கும் தோன்றியிருந்தது. என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று மட்டும் தெரியவில்லை. பனிச்சங்கேணிப் பாலத்தைப் பஸ் தாண்டும்போது றுமைஸா, "அவங்க ஏசினா ஏசட்டும். நான் வாய் திறக்க மாட்டன்" என்றாள்.

சுபாகரனின் தாய் சின்னத்தங்கம் ஏசவில்லை. வாசலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தவர், இரண்டு பெண்கள் வருவதைப் பார்த்துக் கையைக் கழுவிவிட்டு வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். றுமைஸா தான் யாரென்று சொன்னதும் அவளையே உற்றுப் பார்த்தார்.

"அந்தக் குரல் நீதானா மகள்? இரிங்க. ஏன் போனை வச்சிட்டாய்? நான் திருப்பி எடுக்கத் தெரியாம அவன்ட போனைக் கையில வச்சிக்கொண்டே இருந்தன்."

"மன்னிச்சிருங்கம்மா. எங்களுக்குத் தெரியாம..." என்றாள் விதுர்ஷா.

"மன்னிக்க என்ன இரிக்கு? முதல்ல இதச் சொல்லு. அந்த ஆளுக்கு ரத்தம் கிடைச்சிட்டா?"

றுமைஸா வாய் திறக்க மாட்டேன் என்று சொன்னதை மறந்துபோனாள். "கிடைச்சிட்டும்மா. வாழைச்சேனையில இருந்து ஒராள் போய்க் குடுத்தவர்."

சின்னத்தங்கம் தலையாட்டிக்கொண்டார். பிறகு, அவ்வளவு நேரமும் கேட்பதற்காகவே வைத்திருந்தவர் போல, "என்ட மகன் ரத்தம் குடுக்கிறவனா?" என்று கேட்டார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவருக்குத் தெரியாது என்பது அப்போதுதான் விளங்கியது.

"ஓம்மா. நாலஞ்சு தடவ குடுத்திரிக்கார்" என்றாள் றுமைஸா. "கூப்பிட்ட நேரமெல்லாம் வந்திரிக்கார். ஊசியெண்டா அவருக்குப் பயம். கையை நீட்டிட்டு மத்தப் பக்கம் யன்னலைப் பாத்துக்கொண்டு இரிப்பார். முடிஞ்சதும் தாற சின்னப் பால் பக்கெட்டைக் குடிப்பார். பிஸ்கட்டை மட்டும் அங்க வச்சுத் திங்க மாட்டார். சட்டப் பைக்குள்ள வச்சிக்கொண்டு போவார்."

சின்னத்தங்கத்தின் முகம் அசையாமல் நின்றது.

"பிஸ்கட்" என்றார். "கிறீம் வச்ச பிஸ்கட்டா?"

"ஓம். சில நேரம்."

"கொண்டுவந்து என்ட கையிலதான் தருவான். நான் ஏசுவன். தொழிலுக்குப் போகாமப் பட்டணத்துல சுத்திட்டு, என்ட கண்ணைக் கட்ட பிஸ்கட் வாங்கிட்டு வாறாய் எண்டு ஏசுவன். சிரிச்சிட்டுப் போவானே தவிர ஒண்டும் சொல்ல மாட்டான்."

அவர் அழுதார். சத்தம் இல்லாமல், முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். றுமைஸா எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்துக்குப் பின் அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணீர் போட எழுந்தார். வேண்டாம் என்றதற்குக் கேட்கவில்லை.

தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கையில் விதுர்ஷா தன் கதையைச் சொன்னாள். பிள்ளை பிறந்த நேரம் தனக்கும் யாரோ கொடுத்த ரத்தம்தான் என்றாள்.

"அவன்ட ரத்தமா இரிக்குமா?" என்று சின்னத்தங்கம் கேட்டார்.

ஆமென்று சொல்லிவிட அவளுக்கு ஒரு கணம் ஆசையாக இருந்தது. "இல்லம்மா. என்ட ரத்தம் வேற வகை."

"சரி. இப்பிடி ஒரு தாய்க்குப் போயிரிக்கும்" என்றார் சின்னத்தங்கம். அவர்கள் புறப்படும்போது இருவரின் கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க எடுக்காட்டி இது எனக்குத் தெரியாமலே போயிரிக்கும். அவன்ட போனுக்கு இப்ப ஆரும் எடுக்கிறல்ல. நான்தான் காசு போட்டு வச்சிரிக்கன்."

திரும்பி வரும் பஸ்ஸில் றுமைஸா அழுது அழுது தூங்கிப்போனாள். விதுர்ஷாவுக்கு மனம் லேசாகவும் இல்லை, கனமாகவும் இல்லை. சின்னத்தங்கம் தாங்கிக்கொண்டார். அதற்காக அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. ஆனால் அடுத்த தாய் தாங்குவாள் என்று என்ன நிச்சயம்? மருந்து எடுக்கிற அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, அவளும் மறதியில் வந்து கொடுத்திருந்தால்? இது இனி நடக்கக் கூடாது.

காரணம் கண்டுபிடிக்க அவள் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று பழைய மடிக்கணினிகளை வைத்தாள். ஒன்று அவளுடையது, மற்ற இரண்டும் முன்பு வேலை செய்த கம்பனியில் கேட்டு வாங்கியவை. மகளைப் பாலர் பாடசாலைக்கு விட்டு வந்த பிறகு, கூட்டி வரப் போகும் வரை அதோடு மல்லுக்கட்டினாள். மூன்றிலும் களஞ்சியத்தை நிறுவி, கத்தரி, வெண்டி, பூசணி என்று மரக்கறிப் பெயர்களை எழுதிவைத்தாள். மூன்றாவது கணினியை நிறுத்தினாள். முதலாவதில் பூசணியை அழித்தாள்.

அழிப்பது என்றால் களஞ்சியத்தில் வெறுமனே இல்லாமல் ஆக்குவது அல்ல. அழித்த இடத்தில் ஓர் அடையாளம் விடப்படும். 'இந்தப் பெயர் நீக்கப்பட்டது' என்பதை அந்த அடையாளம்தான் மற்றக் கணினிகளுக்குச் சொல்லும். எல்லோரும் கேட்டிருப்பார்கள் என்ற நம்பிக்கையில் பத்து நாட்களுக்குப் பின் அந்த அடையாளமும் கூட்டித் தள்ளப்பட்டுவிடும். விதுர்ஷா அந்தப் பத்து நாளைச் சில நிமிடங்களாகச் சுருக்கி அமைத்திருந்தாள். நேரம் கடந்தபின் மூன்றாவது கணினியை இயக்கினாள். அது தூங்கி எழுந்த மாதிரி எழுந்து, தன்னிடமிருந்த பூசணியை மற்ற இரண்டுக்கும் எடுத்துச் சொன்னது. அவற்றிடம் இப்போது பூசணியும் இல்லை, பூசணியை நீக்கிய அடையாளமும் இல்லை. ஆகவே, இது நமக்கு வந்து சேராத புதுப் பெயர் என்று நினைத்து வாங்கி வைத்துக்கொண்டன.

மூன்று திரையிலும் பூசணி நின்றது.

உடம்பெல்லாம் நெற்தூசியோடு சாப்பிட வந்த பிரதீஸ், கைகொட்டிச் சிரிக்கிற மனைவியைப் பார்த்தான். "என்ன விசயம்?"

"அழிச்ச பூசணி திரும்பி வந்திட்டு."

"அதுக்கேன் சந்தோசம்? அழிச்சது வராம இரிக்கத்தானே நீ பாடுபடுறாய்?"

"வந்தாத்தானே ஏன் வாற எண்டு பாக்கலாம்."

அவன் மேசையின் மூலையில் கிடைத்த இடத்தில் தட்டை வைத்துச் சாப்பிட்டான். அந்த அறுவடைக் காலம் முழுக்க அவன் அப்படித்தான் சாப்பிட்டான். ஒரு நாளும் மேசையை ஒழித்துத் தா என்று கேட்கவில்லை.

களஞ்சியத்தைப் பராமரிப்பவர்களுக்கு இணையத்தில் ஓர் இடம் உண்டு. யாரும் போய்க் குறை சொல்லலாம். விதுர்ஷா முதலில் எழுதியது கோபத்தில் எழுதியது. வாசித்துவிட்டு அழித்தாள். இரண்டாவதாக, செய்த சோதனையை ஒவ்வொரு படியாக எழுதினாள். கடைசியில், எங்களிடம் இறந்த ஒருவரின் பெயர் இப்படித் திரும்பி வந்தது, அவருடைய தாயை நாங்கள் அழைத்துவிட்டோம் என்று சேர்த்துக்கொண்டாள்.

அன்று பின்னேரமே பதில் வந்தது. யாரோ ஒருவர் இரண்டு வரியில் முடித்திருந்தார். இது பிழை அல்ல, ஆவணத்தில் சொல்லப்பட்டிருக்கிறது என்று எழுதி, பக்கத்தைக் காட்டி, முறைப்பாட்டை மூடிவிட்டார். விதுர்ஷா அந்தப் பக்கத்துக்குப் போனாள். கணினியின் சேமிப்பு இடத்தை மிச்சப்படுத்துவது பற்றிய பக்கம் அது. அதன் அடியில், நீண்ட நாள் நின்றிருந்த கணினியை வெறுமையாக்கிச் சேர்ப்பது நல்லது என்று ஒரே ஒரு வரி இருந்தது. புதிதாக நிறுவுகிறவன் அந்தப் பக்கத்துக்குப் போகவே மாட்டான். அவள் போகவில்லை.

விட்டுவிடலாம் என்று நினைத்தாள். தானே ஏதாவது ஒட்டுப்போட்டுக்கொண்டால் போகிறது.

மறுநாள் காலை மூடிய முறைப்பாடு திறந்திருந்தது. செக் நாட்டிலிருந்து பெத்ரா என்ற பெண் எழுதியிருந்தாள். களஞ்சியத்தைத் தொடக்கத்திலிருந்து பராமரிப்பவர்களில் அவளும் ஒருத்தி. முதல் வரியே, "அந்தத் தாய் எப்படி இருக்கிறார்?" என்றிருந்தது. பிறகுதான் மற்றதெல்லாம். இப்படி நின்று வருகிற கணினியை உள்ளே விடாமல் தடுக்க நாங்கள் ஒரு சோதனை வைத்திருக்கிறோம், அது ஏன் தடுக்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை, அது இருக்கும் இடம் இது, உங்கள் மூன்று கணினியிலும் நீங்கள் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தாள்.

விதுர்ஷா அந்த முதல் வரியைப் பலமுறை வாசித்தாள். உலகத்தின் மற்றப் பக்கத்தில் யாரென்றே தெரியாத ஒருத்தி, மென்பொருளைப் பற்றிப் பேசும் முன் சின்னத்தங்கத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். நலமாக இருக்கிறார், எங்களை மன்னித்துவிட்டார், மகனைப் பற்றி ஒரு நல்ல விசயம் தெரிந்துகொண்டார் என்று பதில் எழுதினாள். பிறகு பெத்ரா காட்டிய இடத்தைத் திறந்தாள்.

பிழை ஒரே வரியில் இருந்தது. திரும்பி வருகிற கணினி எவ்வளவு நாள் விலகியிருந்தது என்று கேட்க வேண்டிய இடத்தில், அது இயங்கத் தொடங்கி எவ்வளவு நேரம் என்று கேட்டிருந்தது. இப்போதுதான் எழுந்த கணினி, இப்போதுதான் என்று பதில் சொல்லும். அப்படியானால் வா என்று கதவு திறந்துவிடும். வாரக்கணக்காகப் பரணில் கிடந்த கணினிக்கும் அதே பதில்தான், அதே கதவுதான்.

அவள் கண்டதை எழுதினாள். பெத்ரா உடனே பதில் போட்டாள்: "அந்த வரியை எழுதியது நான். பிழையாக எழுதியிருக்கிறேன். கண்டுபிடித்ததற்கு நன்றி. திருத்தத்தை நீங்களே எழுதுங்கள். கூடவே, நிறுவும்போது வாசிக்கிற பக்கத்திலும் இதைச் சேர்க்க வேண்டும். அதையும் நீங்களே எழுதினால் நல்லது. உங்களுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்."

திருத்தம் எழுதுவது அவளுக்குப் பெரிய கஷ்டமாக இல்லை. ஆவணம்தான் பயமாக இருந்தது. அவளுடைய இங்கிலீசு கையேடுகளை வாசித்தே வளர்ந்த இங்கிலீசு. எழுதினால் சிரிப்பார்களோ என்றிருந்தது. கடைசியில் அவள் தமிழில் எழுதிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வெல்லாவெளிக்குப் போனாள். வட்டை வயலெல்லாம் அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடந்தது. கனகசூரியம் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். அவள் போன் எடுத்துக் கேட்ட நாளுக்குப் பின் அவர் அந்தக் கணினியைத் தொடவே இல்லை என்று அவர் மனைவி சொன்னார்.

"ஐயா, பிழை எங்க எண்டு கண்டுபிடிச்சாச்சு. உங்கட பிழை இல்ல. அந்த மென்பொருள்ல ஒரு வரி பிழை. அத எழுதினவங்களே ஒத்துக்கொண்டுட்டாங்க."

"மெய்யாவா புள்ள?"

"மெய்யா. நீங்க கழட்டி மேல வச்சதாலதான் அது தண்ணிக்குத் தப்பின."

கனகசூரியம் உட்கார்ந்தார். மனைவியைப் பார்த்தார். "கேட்டாயா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அவர் தோள் இறங்கியதை விதுர்ஷா கண்டாள்.

அவள் எழுதியதை வாசித்துக் காட்டினாள். ஒரு கணினி பத்து நாளுக்கு மேல் நின்றிருந்தால், அதைத் திரும்பச் சேர்க்கும் முன் அதிலுள்ளதை வெறுமையாக்க வேண்டும் என்று தொடங்கியது. கனகசூரியம் கையை உயர்த்தினார்.

"பத்து நாள் எண்டு நான் எப்பிடித் தெரியிற? வெள்ளத்துக்க ஆர் நாள் எண்ணிக்கொண்டு இரிக்கிற? அதுக்குத்தானே தெரியும், எப்ப நிண்ட எண்டு. அது என்னட்டச் சொன்னா நான் செய்வன்."

விதுர்ஷாவுக்கு அது நியாயமாகப் பட்டது. கதவை மூடினால் மட்டும் போதாது. ஏன் மூடியிருக்கிறது, இனி என்ன செய்வது என்று அந்தக் கணினியே வெளியில் நிற்பவருக்குச் சொல்ல வேண்டும். அவள் வீட்டுக்கு வந்து அதையும் சேர்த்தாள். நீண்ட காலம் விலகியிருந்த கணினி இனி உள்ளே வர மறுக்கும். மறுக்கும்போது, கடைசியாக மற்றவற்றோடு பேசிய திகதியைச் சொல்லும். இதிலுள்ள பெயர்கள் பழையவையாக இருக்கலாம் என்று சொல்லும். வெறுமையாக்கிச் சேர்ப்பதற்குரிய படிகளைக் காட்டும்.

இதெல்லாம் உடனே ஏற்றுக்கொள்ளப்படவில்லை. பெத்ராவும் மற்றவர்களும் வரிக்கு வரி கேள்வி கேட்டார்கள். இந்தச் சொல் வேண்டாம், இந்த வசனத்தை இரண்டாக உடையுங்கள், கணினியின் மணிக்கூடு பிழையாக இருந்தால் என்ன ஆகும். முதல் நாள் முறைப்பாட்டை மூடிய அந்த ஆளும் வந்தார். ஆவணத்தை வாசித்துவிட்டு, நான் அவசரப்பட்டுவிட்டேன், இந்தப் பக்கம் முன்பே இருந்திருந்தால் எனக்கே உதவியிருக்கும் என்று எழுதினார். அவள் இங்கிலீசைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. திருத்தினார்கள், ஒவ்வொரு திருத்தத்துக்கும் காரணம் சொன்னார்கள். சம்பளம் இல்லாத வேலைக்கு இத்தனை பேர் இவ்வளவு நேரம் கொடுப்பதை அவள் அதற்கு முன் கண்டதில்லை. பிறகு நினைத்துப் பார்த்தாள். கண்டிருக்கிறாள். ரத்தம் கொடுக்க வருகிறவர்களும் அப்படித்தானே.

சித்திரை வருடப்பிறப்புக்கு முன் திருத்தம் சேர்க்கப்பட்டது. அடுத்த வெளியீட்டில் நன்றி தெரிவிக்கும் பகுதியில் யார் யார் பெயரைப் போடலாம் என்று பெத்ரா கேட்டாள். விதுர்ஷா தன் பெயரோடு றுமைஸாவையும் கனகசூரியத்தையும் சொன்னாள். சுபாகரனின் பெயரையும் போட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. தாயைக் கேட்காமல் செய்ய மனமில்லை. சின்னத்தங்கத்துக்குப் போன் எடுத்தாள். இப்போதெல்லாம் அவரோடு வாரத்துக்கொரு தடவையாவது றுமைஸாவோ அவளோ பேசுவது வழக்கமாகியிருந்தது.

சின்னத்தங்கம் முழுவதையும் கேட்டார். என்ன பிழை, என்ன திருத்தம் என்று அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. இனி வேறு தாய்க்கு இப்படி நடக்காது என்பது மட்டும் நன்றாக விளங்கியது.

"நல்ல வேல மகள். ஆனா அவன்ட பேரு வேணாம்."

"ஏன்மா? உலகம் முழுக்கப் பாப்பாங்க."

"அவன் என்னட்டயே சொல்லாமத்தானே செஞ்சவன். சொல்லாமலே இரிக்கட்டும். எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

விதுர்ஷா அதற்கு மேல் கேட்கவில்லை. வெளியீடு வந்த அன்று, மூன்று பெயர்களும் வரிசையாக இருப்பதைப் படம் பிடித்து அனுப்பினாள். கனகசூரியம் அதைத் தன் மருமகனுக்கு, பேத்திக்கு, பழைய தபால் கந்தோர் ஆட்களுக்கு என்று தெரிந்த எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். றுமைஸா தையல் கடையில் வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணீர் கொடுத்தாள். எதற்கென்று கேட்டவர்களுக்கு, "ஒரு பிழை திருத்தின" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த மழைக்காலமும் வெள்ளம் வந்தது. கனகசூரியம் மறுபடியும் களுவாஞ்சிக்குடிக்குப் போனார். தண்ணீர் வற்றித் திரும்பி வந்து கணினியை இயக்கியவர், கொஞ்ச நேரத்தில் விதுர்ஷாவுக்குப் போன் எடுத்தார். குரலில் ஒரு உற்சாகம்.

"புள்ள, இது உள்ள போகமாட்டன் எண்டு நிக்குது. மார்கழி ஆறாந் திகதிக்குப் பொறகு ஒருத்தரோடயும் பேசல்லயாம். பேரெல்லாம் பழசாம்."

"அப்ப நான் சொல்லித் தரட்டா ஐயா?"

"வேணாம். கீழ எழுதிக் கிடக்கு. நானே செஞ்சிட்டன். இப்ப எல்லாப் பேரும் புதுசா வந்து நிக்குது. சொல்லத்தான் எடுத்தன்."

"சந்தோசம் ஐயா. நன்றி."

"எனக்கென்னத்துக்கு நன்றி? நான்தானே சொல்லணும்" என்றார் அவர்.

இருவரும் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொண்டே இருந்ததில் போனை வைக்க நேரம் எடுத்தது. அந்த வாரம் ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தைக்குப் பி நெகட்டிவ் தேவைப்பட்டது. றுமைஸா தேடினாள். நாலு பெயர்கள் வந்தன. முதல் பெயருக்கு எடுத்தாள். கல்லடியில் மேசன் வேலை செய்கிற ஒருவர். பின்னால் சீமெந்து கலக்கும் சத்தம் கேட்டது. அவள் விசயத்தைச் சொல்லி முடிக்கவில்லை.

"கையைக் கழுவிட்டு வாறன்" என்றார் அவர்.